வளரிளம் பருவம், போதை, மனசு: கேள்வி பதில்

வளரிளம் பருவத்தில் போதைப் பழக்கமும் உணர்ச்சி வளர்ச்சியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கலையரசி: மேடம், எந்தப் பிள்ளை போதைக்குப் போவான் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலையா?

இல்லை. ஒரு குறிப்பிட்ட பிள்ளையைக் காட்டி அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபம், ஏமாற்றம், வெட்கம், தனிமை இதையெல்லாம் தாங்கப் பழகுகிற வயது இது. சிகரெட்டும் மதுவும் கஞ்சாவும் கைக்கு எட்டத் தொடங்குவதும் இதே வயதில்தான். மனசு சரியில்லாத ஒவ்வொரு முறையும் புகைத்தே சமாளிக்கிற பிள்ளைக்கு, புகைக்காமல் சமாளிக்கும் பயிற்சி எப்போது கிடைக்கும்? நான் துருவுவது இதைத்தான்.

முகிலன்: உளவியல் படிக்கிறேன். பதின்வயதில் கஞ்சா பிடித்தால் ஐக்யூ குறையும் என்பது நிரூபிக்கப்பட்டதா?

நியூசிலாந்தின் டனீடின் ஆய்வை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1972-73இல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே கவனித்துவரும் ஆய்வு அது. பதின்வயதிலேயே தொடங்கி, நெடுங்காலம் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தவர்களுக்கு 38 வயதில் ஐக்யூ சுமார் 8 புள்ளி இறங்கியிருந்தது என்று 2012இல் எழுதினார்கள். 2016இல் அமெரிக்க இரட்டையர்களை வைத்து வந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. இருவரில் ஒருவர் மட்டும் கஞ்சா பிடித்திருந்தாலும், பிடிக்காதவரைவிட அவருக்கு இறக்கம் அதிகமாக இல்லை. அப்படியானால் குடும்பச் சூழலுக்கும் மரபுக்கும் அதில் பங்கு இருக்கலாம். இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன என்றும் சொல்ல முடியாது. முதலாவது நடுவயதுவரை நீண்ட கடும் பழக்கத்தைப் பார்த்தது. இரண்டாவது இருபது வயதை ஒட்டி நின்றுவிட்டது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் அமெரிக்காவில் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பல ஆண்டுகள் கவனிக்கும் ஏபிசிடி ஆய்வு, சுமார் 11,800 பிள்ளைகளை 9, 10 வயதிலேயே, பெரும்பாலும் எதையும் தொடுவதற்கு முன்பே, சேர்த்துக்கொண்டது. முன்பு எப்படி இருந்தார்கள் என்று தெரியாமல் பின்பு எது மாறியது என்று சொன்னால் அது ஊகம்தான்.

இளமாறன் (வயது 17): அக்கா, பரீட்சை டென்ஷனில் மட்டும்தான் சிகரெட். பிடித்தால் நிஜமாகவே மனசு அமைதியாகிறது. இதில் என்ன தப்பு?

அமைதியாகிறது என்பது பொய்யில்லை தம்பி. ஆனால் நிகோட்டின் பழகிய உடம்பில் அதன் அளவு இறங்கும்போது படபடப்பும் எரிச்சலும் தானாகவே வரும். அடுத்த சிகரெட் தணிப்பதில் பெரும்பகுதி அந்தப் படபடப்பைத்தான். முந்தைய சிகரெட் வைத்த கடனை அடுத்தது அடைக்கிறது. நீ அதைப் பரீட்சைக் கணக்கில் எழுதுகிறாய். சிகரெட்டை விட்டவர்களுக்குச் சில வாரங்கள் கழித்துப் பதற்றம் கூடுவதில்லை, குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் சில நாட்கள் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன்.

செந்தில்நாதன்: வீட்டிலேயே கொஞ்சம் பீர் கொடுத்துப் பழக்கினால் வெளியே போய் அளவு மீற மாட்டான் என்கிறார்களே?

நியாயமாகத் தோன்றும் யோசனைதான். ஆனால் தரவு அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பதின்வயதினரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரே ஊற்றிக் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. கொடுக்காதீர்கள்.

தமிழ்ச்செல்வி: 14 வயது மகன் சிடுசிடுக்கிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாமா?

வேண்டாம். கதவைச் சாத்துவது அந்த வயதுக்கே உரியது. அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட்டால் எந்த வீடும் தப்பாது. தூக்கம், படிப்பு, நண்பர்கள், பணம் என்று பல விஷயங்கள் சேர்ந்தாற்போல் மாறினால் கவனியுங்கள். அப்போதும் போதைதான் காரணம் என்றில்லை. மனச்சோர்வும் இப்படியேதான் தெரியும், இரண்டும் கைகோத்தும் வரும். ரகசியமாகச் சோதித்தது தெரிந்தால் அவன் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவான். அவன் பேச்சு போனால் உங்களிடம் வேறு கருவி கிடையாது. "கொஞ்ச நாளாகச் சரியாகத் தூங்குவதில்லையே, என்னப்பா?" என்று ஆரம்பியுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை அறிவுரையைக் கையில் எடுக்காதீர்கள்.

அன்பரசு: கணக்கெடுப்பில் பிள்ளைகள் உண்மையா சொல்வார்கள்?

பெயரும் பதிலும் வெளியே போகாது என்று நம்பினால் பெரும்பாலும் சொல்கிறார்கள். சரிபார்க்க வழியும் உண்டு. ஐரோப்பிய மாணவர் கணக்கெடுப்பில் 'ரெலெவின்' என்ற ஒரு போதைப்பொருளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. "பிடித்திருக்கிறேன்" என்று டிக் அடித்த சூரர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான்!

நிலவழகி: தம்பி 13 வயதில் குடிக்கத் தொடங்கினான். இப்போது 19, தினமும் குடிக்கிறான். இனி வழியே இல்லையா?

இருக்கிறது. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஆய்வில், 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். மீதி 60 சதவீதம் பேர் ஆகவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் ஒன்று: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். "இன்றோடு விட்டுவிடு" என்று சத்தியம் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.