சி-ஏ-டி சேர்த்தால் ‘கேட்’ வராது

கோவையிலிருந்து மூன்று மாதம் முன்பு இங்கிலாந்து வந்த தங்கைக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு ஆறரை வயது. ஊரில் ஆங்கில மீடியத்தில் யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்பும் கொஞ்சம் படித்தவள். இங்கே இயர் 2 வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஏ முதல் இசட் வரை தலைகீழாகச் சொல்கிறவளுக்குப் பக்கத்துக்கு ஒரு வரி இருக்கும் குட்டிப் புத்தகத்தை ஏன் தருகிறார்கள், நோட்டில் எழுத்துப்பிழையை ஏன் திருத்துவதில்லை, வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொல்கிறாரே என்ன செய்வது, இனி வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலமே பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழை விடாதீர்கள்.

நான் லண்டன் பக்கத்து லூட்டனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். மூத்தவன் ரிசெப்ஷனில் (இங்கே நாலு வயதில் சேரும் முதல் வகுப்பு) சேர்ந்தபோது பள்ளியில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், “வீட்டிலும் ஆங்கிலம் பேசுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வான்” என்றார். அப்படியே கேட்டோம். ஒரு வருடம் வீட்டில் தமிழ் இல்லை. என் ஆங்கிலம் வேலைக்குப் போதுமானது. ஆனால் நாலு வயதுப் பிள்ளையைக் கொஞ்சவும், கோபம் தணிக்கவும், கதை இட்டுக்கட்டவும் அது போதவில்லை. சாப்பிடு, தூங்கு, ஷூவைப் போடு என்ற அளவுக்கு எங்கள் பேச்சு சுருங்கிவிட்டது. தமிழில் என்றால் ஓர் எறும்பு வரிசையைப் பார்த்தே கால் மணி நேரம் பேசியிருப்பேன்: எங்கே போகிறது, எதைத் தூக்கிக்கொண்டு போகிறது, மழை வரப்போகிறதோ என்று. அந்தப் பேச்சு முழுவதும் அந்த ஒரு வருடம் நடக்கவேயில்லை. ஆங்கிலம் அவனுக்கு வந்தது, பள்ளியிலிருந்து. எங்களிடமிருந்து வரவேண்டியது வரவில்லை. ஆச்சி போனில் “சாப்பிட்டியா ராசா?” என்று கேட்டால் “யெஸ்” என்பான். இப்போது பதினைந்து வயது. தமிழ் புரிகிறது, பதில் வருவதில்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது வலிக்கிறது.

மொழி போனது மட்டும் இழப்பு இல்லை. ‘ஒருவேளை’, ‘ஏனென்றால்’, ‘உருகுவது’, ‘முளைப்பது’ எல்லாம் தமிழில் புரிந்த குழந்தைக்கு ஆங்கிலச் சொல்லை அதன்மேல் ஒட்டினால் போதும். எந்த மொழியிலும் புரியாத குழந்தை பொருளையும் சொல்லையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கும். அதனால்தான் இங்கே ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான அரசுச் சட்டகமே, குழந்தை வீட்டு மொழியைப் பேசி வளர்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்கிறது. வீட்டில் வேறு மொழி பேசுவதை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு என்று சொல்லக் கூடாது என்பது இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுக் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. யாராவது வேறு மாதிரி சொன்னால், பணிவாக, ஆனால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

சரி, குட்டிப் புத்தகத்துக்கு வருவோம்.

நம் ஊரில் நாம் படித்தது சி-ஏ-டி கேட், பி-ஏ-டி பேட். எழுத்தின் பெயரைச் சொல்லி, சொல்லை மனப்பாடம் செய்தோம். யோசித்துப் பாருங்கள், ‘சி’, ‘ஏ’, ‘டி’ மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘கேட்’ வராது. இங்கே எழுத்தின் பெயர் பிறகுதான், ஒலிதான் முதலில். இதற்குத்தான் ஃபோனிக்ஸ் என்று பெயர். 2006-இல் ஜிம் ரோஸ் என்பவர் தலைமையில் வந்த அரசு அறிக்கை இந்த வழியைப் பரிந்துரைத்தது. அதன்பிறகு இங்கிலாந்தில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் இதுதான். 26 எழுத்து, ஏறக்குறைய 44 ஒலி. பெரும்பாலான பள்ளிகளில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறின் ஒலிகளில் தொடங்குவார்கள். ஏனென்றால் இந்த ஆறை வைத்தே ‘சிட்’, ‘பின்’, ‘டேப்’ என்று நிறையச் சொல் படித்துவிடலாம்.

இங்கே பெற்றோர் கூட்டம் போட்டு டீச்சர்கள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு விஷயம் உண்டு. எம் எழுத்துக்கு ‘ம’ என்று சொல்லாதீர்கள், உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று மட்டும் சொல்லுங்கள், பின்னால் ‘அ’ ஒட்டக் கூடாது என்பார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த அம்மாக்களுக்கு இது குழப்பமாக இருக்கும். நமக்கு? ம் வேறு, ம வேறு என்று புள்ளி வைத்துப் படித்தவர்கள் நாம். ‘க் + ஆ = கா’ என்று அரிச்சுவடியில் படித்தோமே, அதைத்தான் இவர்கள் பிளெண்டிங் என்கிறார்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை அறிந்த ஒரு தாய்க்கு ஃபோனிக்ஸ் புதிதே இல்லை. என் மகளுக்கு நான் ப்-இ-ன், ‘பின்’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதிக் காட்டித்தான் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து இரண்டு எழுத்துக்கு ஒரே ஒலி வரும். ‘ஷிப்’ என்ற சொல்லில் எஸ்ஸும் எச்சும் சேர்ந்து ஒரே ‘ஷ்’. ‘நைட்’ என்பதில் ஐ, ஜி, எச் மூன்றும் சேர்ந்து ஒரே ‘ஐ’. சொல்லுக்கு அடியில் ஒலிக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு மூன்று எழுத்து சேர்ந்து ஒரே ஒலியானால் கோடு போட்டு எண்ண வைப்பார்கள், ‘சவுண்ட் பட்டன்’ என்று மகள் வந்து சொன்னால் அதுதான். ஒரே எழுத்து ‘கேட்’டில் க் ஆகவும் ‘சிட்டி’யில் ஸ் ஆகவும் ஒலிக்கிறதே என்று அவள் குழம்பினால் கல், அகம், தங்கம் மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். நம் ‘க’ மட்டும் ஒரே மாதிரியா ஒலிக்கிறது?

அந்தக் குட்டிப் புத்தகத்தில் இதுவரை சொல்லிக்கொடுத்த ஒலிகள் மட்டும்தான் இருக்கும். மகளால் தானே முழுவதும் படிக்க முடியவேண்டும் என்பதற்காகத் தருவது அது. உங்கள் மகள் நிறையச் சொற்களைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறாள், புதுச் சொல் வந்தால் நின்றுவிடுகிறாள் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கும். அது மட்டமான புத்தகம் என்று அவள் காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரே புத்தகத்தை மூன்று நாள் படிக்கச் சொன்னாலும் அலுத்துக்கொள்ள வேண்டாம். முதல் தடவை எழுத்துக்கூட்டி, அடுத்த தடவை ஏற்ற இறக்கத்தோடு, அப்புறம் கதையைப் பற்றிப் பேசுவதற்கு. தினமும் பத்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட அது மேல். படித்ததும் ரீடிங் ரெக்கார்டில், அதாவது வீட்டில் படித்ததைக் குறிக்கப் பள்ளி தரும் நோட்டில், ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எந்தச் சொல்லில் திணறினாள் என்று எழுதினால் டீச்சருக்கு ரொம்ப உதவும். இங்கே லூட்டனில் ஒரு பள்ளிக்கு வாரம் இரண்டு காலை போய்க் குழந்தைகள் படிப்பதைக் கேட்கிறேன், ஆறு வருடமாக. வீட்டில் தினமும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் குழந்தையை இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த யாரோ ஒருவருக்கு நுனிநாக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் ஸ்கிரீனிங் செக் என்று ஒன்று வரும். 2012 முதல் நடக்கிறது. இயர் 1 பிள்ளைகளுக்கானது, ஆனால் அப்போது எழுதாதவர்களும் தேறாதவர்களும் இயர் 2-இல் செய்வார்கள். ஆகவே உங்கள் மகளுக்கும் இருக்கும். டீச்சர் தனியாக உட்கார வைத்து 40 சொல் படிக்கச் சொல்வார். அதில் 20 சொல்லுக்கு அர்த்தமே கிடையாது, பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரக ஜீவன் படம் இருக்கும். மனப்பாடத்தில் சொல்கிறாளா, ஒலி சேர்த்துப் படிக்கிறாளா என்று பார்க்கத்தான். இதுவரை 32 வந்தால் தேறியதாக வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே வீட்டில் ‘வொப்’, ‘ஜிண்ட்’ என்று பொய்ச் சொற்களை எழுதிப் படிக்க வைத்து விளையாடுங்கள். பரீட்சை என்று பயமுறுத்த வேண்டாம்.

எழுத்துப்பிழை விஷயத்தில் நானும் ஆரம்பத்தில் கொதித்தேன். என் மகள் ‘ஸ்கூல்’ என்பதை எஸ், கே, யூ, எல் என்று எழுதியிருந்தாள், பக்கத்தில் டீச்சரின் டிக். பிறகுதான் புரிந்தது. கேட்ட ஒலியை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுத்தாக்கியிருக்கிறாள் என்பதற்குத்தான் அந்த டிக். சரியான எழுத்துக்கூட்டல் வாரா வாரம் தனியாக வரும், இயர் 2-இல் அதில் கண்டிப்பும் கூடும். ஒவ்வொரு சொல்லையும் சிவப்பு மையில் திருத்தினால் குழந்தை தனக்குத் தெரிந்த சொல்லை மட்டும் வைத்து மூன்றே வரி எழுதி நிறுத்திவிடும். எழுதப்போகிற வரியை முதலில் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது இயர் 1 பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பேச்சில் வராத வாக்கியம் பென்சிலில் வராது. அதனால் வீட்டில் எழுதச் சொல்வதற்கு முன்னால், தமிழிலாவது, சொல்லச் சொல்லுங்கள்.

பேசாமல் இருப்பதைப் பற்றி. மூன்று மாதம்தானே ஆகிறது. புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தைகள் பலர் முதலில் சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். வாய்தான் மூடியிருக்கும், காது வேலை செய்யும். டீச்சர் சொன்னதும் வரிசையில் நிற்கிறாளா, கோட்டைக் கழற்றி மாட்டுகிறாளா, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். என் மகள் ஐந்து மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் அவள் கோட் மாட்டும் கொக்கியில் வேறொரு பையன் பையை மாட்டிவிட்டான். “தட்ஸ் மை பெக்!” (அது என் கொக்கி!) என்று கத்தினாளாம். டீச்சர் சாயங்காலம் வாசலில் நின்று, கண் கலங்க, அதை என்னிடம் சொன்னார். கட்டாயப்படுத்தி ‘ஹலோ சொல்லு’ என்று முன்னால் தள்ளியிருந்தால் இன்னும் உள்ளே போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர் வகுப்பில் டீச்சர் கேட்டால் சரியான விடை ஒன்று இருக்கும். இங்கே ‘நீ என்ன நினைக்கிறாய், ஏன்?’ என்று கேட்பார்கள். விடை தெரியாமல் மௌனமாக இருக்கிறாளா, அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லாமல் இருக்கிறாளா என்று பாருங்கள். ‘ஐ திங்க்… பிகாஸ்…’ என்று தொடங்கச் சொல்லி வகுப்பில் பழக்குவார்கள். சாப்பிடும்போது நீங்கள் தமிழில் அதையே செய்யலாம்: “அந்த நரி ஏன் திரும்பிப் போச்சுன்னு நீ நினைக்கிற?” அவள் என்ன சொன்னாலும் தப்பு என்று சொல்லாமல், “ஏன்?” என்று இன்னொரு முறை கேளுங்கள். வீட்டுப் பொருள் ஒன்றை வகுப்பில் காட்டிப் பேசும் ஷோ அண்ட் டெல் நாள் வந்தால், கொண்டுபோகும் பொருளைப் பற்றி முதல் நாள் இரவே தமிழில் கதையாகப் பேசிவிட்டு, மூன்று வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கட்டும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் பல்லாங்குழிக்கு முன்னால் எந்த பிளாஸ்டிக் பொம்மையும் நிற்காது.

நூலகத்தில் இன்னும் சேரவில்லை என்றால் இந்த சனிக்கிழமையே போய்ச் சேருங்கள், இலவசம்தான். கோடை விடுமுறையில் 4 முதல் 11 வயது வரை உள்ளவர்களுக்கு சம்மர் ரீடிங் சேலஞ்ச் நடக்கும், வழக்கமாக ஆறு புத்தகம் படித்தால் பதக்கமோ சான்றிதழோ உண்டு. தமிழ்க் கதைக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படத்தோடு நிறைய இருக்கின்றன, காசு கிடையாது. இரவில் படுக்கையில் அதிலிருந்து ஒன்று நீங்கள் படித்துக் காட்டுங்கள். லண்டனிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இலங்கைத் தமிழர்கள் பல வருடமாக வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்தி வருகிறார்கள். என் மகள் அங்கேதான் எழுதப் படிக்கக் கற்றாள். அவர்கள் பேச்சு வழக்கு முதலில் வேறாகக் கேட்கும், பிள்ளைகளுக்கு ஒரே மாதத்தில் பழகிவிடும்.

பெற்றோர் டீச்சரைத் தனியாகப் பார்த்துப் பேசும் பேரன்ட்ஸ் ஈவினிங்கில் பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதில் பாதி ‘ஷி இஸ் லவ்லி’ என்பதில் போய்விடும். அதனால் இதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: இவளுக்கு எந்த ஒலிகள் இன்னும் வரவில்லை, வீட்டில் எந்தப் புத்தகம் படிக்க வைக்கலாம், வகுப்பில் பேச்சுத் துணையாக யாரோடு உட்கார வைத்திருக்கிறீர்கள். வராத ஒலிகளின் பட்டியலை டீச்சர் தந்தால் எனக்கு எழுதுங்கள். அவற்றில் எதற்கெல்லாம் தமிழ் எழுத்து துணைக்கு வரும் என்று சேர்ந்து பார்ப்போம்.