மாதக் கடைசியில் திணறும் சர்வர் – கடிதம்

வணக்கம் சார்,

நான் ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பைதான், அதை வெப் சர்வராக ஓட்டும் ஜி-யூனிகார்ன், உபுண்டு லினக்ஸ் சர்வர். மாதக் கடைசியில் எல்லாரும் ரிப்போர்ட் எடுக்கும்போது ஏதாவது ஒரு வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) 100% சிபியுவில் போய் நின்றுவிடும். டைம்அவுட்டைப் பத்து நிமிஷமாக வைத்திருப்பதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். எங்கள் லீட், நடுநடுவே நேரத்தை லாக் செய்யும் வரிகளைப் போட்டு டிப்ளாய் செய்யச் சொல்கிறார். அதைச் செய்து முடிப்பதற்குள் மாதம் பிறந்துவிடுகிறது, பிரச்சினையும் போய்விடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமலே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியுமா? சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தூரத்திலிருந்து கமாண்ட் தட்டித்தான், போக முடியும். பை-ஸ்பை, பெர்ஃப் என்று இதற்குக் கருவிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். புரொடக்‌ஷனில் ஓட்டப் பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும். ஆனால் அடுத்த தடவை கை தானாக ரீஸ்டார்ட்டுக்குப் போகும் முன் இரண்டு நிமிஷம் பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிறது என்கிறீர்கள். சரியாகாமல் என்ன செய்யும்? பாதியில் திணறிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டும் வொர்க்கரோடு சேர்ந்து செத்துவிடுகிறது. கேட்ட வாடிக்கையாளர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார், அல்லது நாளைக்குக் கேட்பார். எந்த நிலைமையை ஆராய வேண்டுமோ அதை நீங்களே துடைத்துவிடுகிறீர்கள்.

உங்கள் லீட் சொல்வது பழைய வழி, மோசமான வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கே நேரம் போகிறது என்று முன்கூட்டியே ஊகித்தால்தான் லாக் வரியை அங்கே போட முடியும். அந்த ஊகம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும், யார் ஊகித்தாலும். எங்கே நேரம் போகிறது என்று அளக்கும் கருவிகளான ப்ரொஃபைலர்களும் ஆரம்பத்தில் இப்படிப் புரோகிராமை முதலிலேயே தயார் செய்யச் சொன்னவைதான். யூனிக்ஸ்காரர்கள் வெகுகாலம் பயன்படுத்திய ஜிப்ரோஃப் என்ற ப்ரொஃபைலர் பற்றிய கட்டுரை 1982-இல் வந்தது. அதற்குத் தனி ஆப்ஷனோடு புரோகிராமைக் கம்பைல் செய்ய வேண்டும். புரோகிராம் ஒழுங்காக முடியும்போதுதான் தகவலை ஃபைலில் எழுதும். நடுவில் கொன்றுவிட்டால் ஒன்றும் கிடைக்காது. நாள் கணக்காக ஓடும் சர்வருக்கு இது எப்படி உதவும்?

இப்போதைய கருவிகள் வெளியே நின்று பார்க்கின்றன. விநாடிக்கு இத்தனை தடவை என்று எட்டிப் பார்த்து, இந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன், அதை யார் அழைத்தது, அவரை யார் அழைத்தது என்ற முழு வரிசையையும் குறித்துக்கொள்ளும். எந்த ஃபங்ஷன் அதிகம் தட்டுப்படுகிறதோ அங்கேதான் நேரம் போகிறது. அவ்வளவுதான் தத்துவம்.

பைதானுக்குப் பை-ஸ்பை. பென் ஃபிரெடரிக்சன் ரஸ்ட் மொழியில் எழுதியது. உங்கள் பயத்துக்குப் பதில் இதில் இருக்கிறது: அது உங்கள் புரோகிராமுக்குள் எதையும் நுழைப்பதில்லை. தனி ப்ராசஸாக ஓடி, உங்கள் ப்ராசஸின் மெமரியை வெளியிலிருந்து படிக்கிறது. பைதான் தன் அழைப்பு வரிசையை மெமரியில் எங்கே, எந்த வடிவத்தில் வைத்திருக்கும் என்பது அதற்குத் தெரியும். (அதனால்தான் பைதானைப் புது வெர்ஷனுக்கு மாற்றினால் பை-ஸ்பையையும் மாற்ற வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு, வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.) படிக்கிற கணத்தில் மட்டும் ப்ராசஸைச் சற்று நிறுத்திவைக்கும். அதுவும் கூடாது என்றால் நான்-பிளாக்கிங் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. பதிலுக்குச் சில சாம்பிள்கள் குழம்பி வரும். உங்கள் சர்வருக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நெருக்கடி நேரத்தில் யாராவது எஸ்ட்ரேஸ் என்ற கருவியைப் போட்டுப் பார்க்கலாம் என்பார்கள். அது ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (புரோகிராம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும் ஒவ்வொரு உதவிக்கும்) ப்ராசஸை நிறுத்தி நிறுத்தி விடும். ஏற்கெனவே திணறும் சர்வரை அது படுக்கவே வைத்துவிடலாம்.

சரி, செய்முறை. டாப் கமாண்டில் 100% காட்டும் வொர்க்கரின் பிஐடி எண்ணை, அதாவது ப்ராசஸின் அடையாள எண்ணை, எடுங்கள். ஜி-யூனிகார்னில் மாஸ்டர் என்று ஒன்று இருக்கும், வொர்க்கர்களை மேய்ப்பதுதான் அதன் வேலை. அவசரத்தில் அதன் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று முழிப்பவர்கள் உண்டு. வொர்க்கர் எண் 4131 என்று வைத்துக்கொள்வோம் (கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள்; சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது):

சூடோ பை-ஸ்பை டம்ப் --பிஐடி 4131

உடனே அந்தக் கணத்து நிலவரம் திரையில் விழும். ஒரு கற்பனை உதாரணம்:

த்ரெட் (ஆக்டிவ்+ஜில்): மெயின்த்ரெட்
    விட்டுப்போன_பில்கள் (ரிப்போர்ட்.பை:212)
    மாத_அறிக்கை (ரிப்போர்ட்.பை:88)
    அறிக்கை_பக்கம் (வியூஸ்.பை:41)

மேலே இருப்பதுதான் இப்போது ஓடுவது. பைதான் எர்ரர் வரும்போது கடைசி அழைப்பைக் கீழே காட்டிப் பழக்கிவிட்டதால், இதையும் கீழிருந்து படித்து ஏமாறுவோம். அடுத்து, முதல் வரியில் த்ரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் ஒரு வேலைச் சரடு) என்பதன் பக்கத்து அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள். ஆக்டிவ் என்றால் உழைக்கிறது, ஐடில் என்றால் எதற்கோ காத்திருக்கிறது. (ஜில் என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைதான் நிரலை ஓட்டவிடும் பூட்டு.) இந்த இரண்டையும் பிரிக்காமல் ப்ரொஃபைல் எடுக்க உட்காருவதுதான் எல்லாரும் நேரத்தை வீணாக்கும் இடம். டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் த்ரெட் சிபியுவைத் தொடுவதே இல்லை. பை-ஸ்பை பதிவெடுக்கும்போது ஐடில் த்ரெட்களை, நீங்கள் தனியாகக் கேட்டாலொழிய, விட்டுவிடும். பெர்ஃபும் சாதாரணமாக சிபியுவில் ஓடுவதைத்தான் பார்க்கும். ஆக, எட்டு விநாடி காத்திருந்து ஒரு விநாடி உழைக்கும் புரோகிராமில் அந்த ஒரு விநாடியை மட்டும் அழகாகப் படம் போட்டுத் தந்துவிடும். நீங்களும் அதைச் செதுக்கிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் விஷயத்தில் 100% சிபியு என்பதால் காத்திருப்பு இல்லை. நல்ல காலம்.

டம்பை விட்டு விட்டு நாலைந்து தடவை எடுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது புரோகிராம் ஒரே இடத்தில் சிக்கி நிற்கும்போதுதான் பொருந்தும். நகர்ந்துகொண்டே மெதுவாக இருப்பதற்கு ஒரு பருக்கை போதாது. நாலைந்திலும் அதே 212-ஆம் வரி வந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. மாறி மாறி வந்தால் பதிவெடுக்க வேண்டியதுதான்:

சூடோ பை-ஸ்பை ரெக்கார்ட் -ஓ மாதம்.எஸ்விஜி --டியூரேஷன் 60 --பிஐடி 4131

வேறெதுவும் சொல்லாவிட்டால் விநாடிக்கு 100 தடவை பார்க்கும். ஒரு நிமிஷத்தில் 6000 சாம்பிள். ஒரு ஃபங்ஷன் அதில் 300 தடவை வந்திருந்தால் 5% என்று தைரியமாகச் சொல்லலாம். 3 தடவை வந்ததைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எஸ்விஜி என்ற அந்தப் பட ஃபைலை, ஃபைலை நகலெடுக்கும் எஸ்சிபி கமாண்ட் மூலம் உங்கள் லேப்டாப்புக்கு இழுத்து பிரவுசரில் திறங்கள். பிரெண்டன் கிரெக் 2011-இல் ஒரு மைஎஸ்க்யூஎல் பிரச்சினையைத் துருவும்போது உருவாக்கிய ஃப்ளேம் கிராஃப் வடிவம்தான் அது. இடமிருந்து வலம் நேரம் ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள், பக்கவாட்டு வரிசைக்குப் பொருளே இல்லை. அகலம்தான் விஷயம். அகலமான கட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே சின்னச் சின்னதாகப் பிரிகிறது என்று பாருங்கள்.

மாதக் கடைசியில் மட்டும் வருகிறது என்பதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு லூப்புக்குள் ‘இந்த பில் அந்த லிஸ்டில் இருக்கிறதா’ என்று தேடும் வரி எங்காவது இருக்கிறதா? 5,000 பில்லுக்கு அது யார் கண்ணிலும் படாது. 50,000 ஆகும்போது வேலை பத்து மடங்கு இல்லை, நூறு மடங்கு. லிஸ்டுக்குப் பதில், ஒவ்வொன்றாகத் தேடாமல் நேரே கண்டுபிடிக்கும் செட் போட்டால் தீரும். ஆனால் இதுவும் ஊகம்தான். என் பேச்சைக் கேட்டு முதலில் அதை மாற்றாதீர்கள், ப்ரொஃபைல் எடுத்த பிறகு மாற்றுங்கள்.

பெர்ஃப் எப்போது வேண்டும்? பைதான் வரி ஏதோ ஒரு சி லைப்ரரியை அழைத்து, அதற்குள் நேரம் போகிறது என்னும்போது. பை-ஸ்பையிலேயே நேட்டிவ் என்ற ஆப்ஷன் இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால்:

சூடோ பெர்ஃப் ரெக்கார்ட் -எஃப் 99 -ஜி -பி 4131 -- ஸ்லீப் 60

பெர்ஃப் 2009-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.31-ஓடு வந்தது. 99 ஏன், 100 போடக்கூடாதா என்று கேட்பீர்கள். புரோகிராமுக்குள் சரியாக 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை நடக்கும் வேலை ஏதாவது இருந்தால், 100 என்ற கணக்கில் எட்டிப் பார்ப்பவர் எப்போதும் அதையே பார்ப்பார், அல்லது ஒரு தடவைகூடப் பார்க்கமாட்டார். 99 என்றால் இரண்டின் தாளமும் ஒட்டாது. கடைசியில் இருக்கும் ஸ்லீப், பதிவு எவ்வளவு நேரம் என்பதற்கு மட்டும்.

பெர்ஃப் ரிப்போர்ட்டைத் திறந்தால் உங்கள் ஃபங்ஷன் பெயர் ஒன்றுகூட இருக்காது, பைதானை ஓட்டும் சி நிரலின் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பைதான் 3.12 முதல் இதற்கு வழி இருக்கிறது. புரோகிராமைத் தொடங்கும்போது ‘-எக்ஸ் பெர்ஃப்’ கொடுத்தால் பைதான் பெயர்களும் தெரியும். தொடங்கும்போது என்பதைக் கவனியுங்கள், சிக்கிய பிறகு நினைத்துப் பயனில்லை. அழைப்பு வரிசை பாதியில் அறுந்து வந்தால் காரணம் ஃப்ரேம் பாயின்டர் இல்லாதது. யார் யாரை அழைத்தது என்று பின்னோக்கிப் போக உதவும் ரெஜிஸ்டர் அது. கம்பைலர்கள் வேகத்துக்காக அந்த ரெஜிஸ்டரை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கமாகிப் போயிருந்தது. லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தங்கள் பேக்கேஜ்களில் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. உங்கள் உபுண்டு அதற்கு முந்தையது என்றால், பெர்ஃப் தரும் படத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

ஜாவாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஜேசிஎம்டி என்ற கமாண்ட் ஒன்றே போதும், ஜாவாவின் ப்ரொஃபைலரான ஃப்ளைட் ரெக்கார்டரை ஓடும்போதே தொடங்கலாம், நிறுத்தலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அது, 2018-இல் ஜேடிகே 11-ஓடு ஓப்பன் சோர்ஸாகிவிட்டது.

அப்புறம், உங்கள் லீடோடு சண்டை வேண்டாம். எந்த வாடிக்கையாளரின் எந்த ரிப்போர்ட் என்பதை ப்ரொஃபைலர் சொல்லாது, அதற்கு லாக்தான் வேண்டும். ரிப்போர்ட் தொடங்கும்போதே பிஐடியையும் வாடிக்கையாளர் எண்ணையும் எழுதும் ஒரே ஒரு வரியைப் போடச் சம்மதியுங்கள்.

மாதக் கடைசிக்கு முன்னால் இரண்டு வேலைகளை முடித்து வையுங்கள். பை-ஸ்பையை சர்வரில் போட்டு, சும்மா இருக்கும் ஒரு வொர்க்கர் மேல் ஓட்டிப் பாருங்கள். உபுண்டுவில் ஏற்கெனவே ஓடும் இன்னொரு ப்ராசஸைப் படிக்க சூடோ வேண்டும். உங்கள் புரோகிராம் டாக்கர் என்ற கருவி உருவாக்கும் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓடினால் எஸ்ஒய்எஸ்-பிடிரேஸ் என்ற அனுமதியைக் கன்டெய்னரைத் தொடங்கும்போதே கொடுத்திருக்க வேண்டும், அல்லது கன்டெய்னருக்கு வெளியே, ஹோஸ்ட் கணினியிலிருந்து ஓட்டலாம். அந்த அனுமதியை ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடம் கேட்பது என்பது தனி விவகாரம், இப்போதே கேட்டு வாங்குங்கள்.

எடுத்த ஃபைலை எனக்கு அனுப்ப வேண்டாம். அதில் உங்கள் கம்பெனியின் ஃபங்ஷன் பெயர், ஃபைல் பாதை எல்லாம் இருக்கும். டம்ப்பில், ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிகளின் மதிப்பைக் காட்டும் லோக்கல்ஸ் என்ற ஆப்ஷனைப் போட்டிருந்தால் வாடிக்கையாளரின் விவரமேகூட வந்துவிடும். மிக அகலமான மூன்று கட்டங்கள் என்ன வேலை செய்கின்றன, எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதுங்கள், பார்க்கலாம்.