நகம் வெட்டும் வேலையா போடியாட்ரி?

வணக்கம் அம்மா. ஏ லெவலில் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பு) உயிரியல் படிக்கிற மகள் பார்மசிக்கோ, கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரிக்கோ போகாமல், போடியாட்ரி என்கிற பாதச் சிகிச்சைப் படிப்புக்கு, ஊரார் காலைப் பிடிக்கிற படிப்புக்கு, ஏன் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் பள்ளி முடிக்கிற பிள்ளைகள் பலருக்கு இப்படியொரு பட்டப்படிப்பு இருப்பதே தெரியாது. உங்கள் மகள் தானாகத் தேடித் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அது நல்ல அறிகுறி.

நகம் வெட்டுவதும் கால் ஆணி எடுப்பதும் இந்த வேலையில் உண்டுதான். ஆனால் அதோடு முடிவதில்லை. தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஐரோப்பியரைவிட 2 முதல் 4 மடங்கு. நரம்பு மரத்த பாதத்தில் செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் உறுத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் நடந்துகொண்டே இருப்பார்கள், புண் ஆழமாகும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் ஆறாது. கிருமி எலும்பைத் தொட்டுவிட்டால் விரலோ காலோ போகும். நம் குடும்பங்களிலேயே இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அங்கே போய்ச் சேராமல் தடுப்பவர் போடியாட்ரிஸ்ட். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அதிர்வு உணர்வையும், டாப்ளர் கருவியால் இரத்த ஓட்டத்தையும் சோதிப்பார். தடித்த காய்ப்பைக் கத்தியால் சீவுவது அழகுக்காக அல்ல. அந்தக் காய்ப்பே கல் மாதிரி அழுத்தி, அடியில் புண்ணை உண்டாக்கும் என்பதால் சீவுகிறார்கள். சதைக்குள் வளர்ந்த நகத்துக்கு விரலை மரக்கச் செய்து, ஓரத்தை நீக்கி, மறுபடி முளைக்காதபடி ஃபீனால் என்ற வேதிப்பொருள் வைப்பதும் இவர்கள்தான். 2013 முதல், கூடுதல் பயிற்சி முடித்தவர்கள் தாங்களே மருந்துச் சீட்டு எழுதவும் சட்டம் இடம் தருகிறது.

படிப்பு இங்கிலாந்தில் 3 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 4. ஹடர்ஸ்ஃபீல்ட், சால்ஃபோர்ட், கார்டிஃப் மெட்ரோபாலிடன், கிளாஸ்கோ கலிடோனியன் போன்ற பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஏறக்குறைய 1,000 மணி நேரம் நேரடி மருத்துவப் பயிற்சி. கல்விக் கட்டணம் கடனில் போகும். இங்கிலாந்தில் படிக்கிற தகுதியுள்ள உள்நாட்டு மாணவருக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஆண்டுக்கு 5,000 பவுண்டு தருகிறது. ஆள் பற்றாக்குறையுள்ள துறை என்பதால் அதற்கு மேல் இன்னொரு 1,000. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் தானாக வராது, தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலிருந்து மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும்போது இதை மறந்துவிடாதீர்கள். என்.எச்.எஸ். வேலை பேண்ட் 5 என்ற சம்பள நிலையில் தொடங்கும். 2025-26 அட்டவணைப்படி அதன் தொடக்கச் சம்பளம் இங்கிலாந்தில் 31,049 பவுண்டு, லண்டனில் கூடுதல் படி உண்டு.

பலர் சறுக்குகிற இடம் ஒன்றைச் சொல்கிறேன். 'போடியாட்ரிஸ்ட்', 'கைரோபோடிஸ்ட்' என்ற இரண்டு பெயர்களும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' (பாத நலப் பணியாளர்) என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சில மாதப் படிப்பு முடித்தே அதைப் போட்டுக்கொள்ள முடியும். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அந்தக் குறுகிய படிப்பை வைத்து போடியாட்ரிஸ்ட் பதவிக்குப் போக முடியாது. எந்தப் படிப்புக்கும் பணம் கட்டுமுன் எச்.சி.பி.சி. இணையதளத்தின் அங்கீகாரப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது அமைப்பான யூகாஸ் வழியே விண்ணப்பிக்க ஜனவரிக் கெடு. 2026 சேர்க்கை முதல் தனிக் கட்டுரைக்குப் பதில் 3 கேள்விகள், எல்லாம் சேர்த்து 4,000 எழுத்து. 'மக்களுக்கு உதவ ஆசை' என்ற வரி எந்தத் துறைக்கும் பொருந்தும், அதனால் நிற்காது. மருத்துவ இடம் கிடைக்காததால் வந்தேன் என்ற தொனி நேர்காணலில் உடனே தெரிந்துவிடும். போடியாட்ரி வழியாக மருத்துவராகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது தனித் தொழில்.

காலைத் தொடும் வேலை என்ற கூச்சம் உங்களுக்கு இருக்கலாம். அவளுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சீழின் வாடை, ஆறாத புண், நாள் முழுக்கக் குனிந்திருக்கும் முதுகு, கையில் கூரிய கத்தி: இவற்றைத் தாங்க முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது. ஆகவே விண்ணப்பிக்குமுன் அரை நாளாவது ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து பார்க்கட்டும். நோயாளியின் ஒப்புதலும் நிர்வாக அனுமதியும் வேண்டும், பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஒரே இடத்துக்கு எழுதிக் காத்திருக்காமல் என்.எச்.எஸ். கிளினிக், தனியார் கிளினிக் என நாலைந்து இடங்களுக்குக் கோடை விடுமுறைக்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் சர்க்கரை நோயாளிகளுக்கான பாத கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டு வாங்கட்டும்.