அடபலீன் ஜெல் போட்ட ஒரே வாரத்தில் முகம் எரிந்து தோல் உரிகிறது, பருவும் கூடிவிட்டது. நிறுத்திவிடவா?

ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. எரிச்சல் அடங்கும்வரை சில நாள் போடாமல் இருந்து, பிறகு போடும் முறையை மாற்றுங்கள். தினமும் இரவு, பருவின் மேல் மட்டும் தாராளமாகத் தடவுவதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அங்குதான்.

அடபலீன், ட்ரெட்டினாய்ன் போன்ற ரெட்டினாய்டு வகைகள் வந்த பருவை அமுக்கும் மருந்தல்ல. மயிர்க்கால் துளைக்குள் செத்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் தடுப்பவை. அந்த அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. சில வாரம் கழித்துப் பருவாக எழும்போதுதான் தெரியும். ஆகவே பரு வருகிற பகுதி முழுக்க மெல்லிசாகப் பரவ வேண்டும். மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரு கன்னம், தாடை எனப் புள்ளி வைத்துத் தேய்த்துவிடுங்கள். கூடுதலாகப் போட்டால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது.

இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி, 15-20 நிமிடம் காயவிடுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கி எரியும். கண்ணோரம், மூக்கின் பக்கவாட்டு மடிப்பு, உதட்டோரம் முதலில் வெடிக்கும் இடங்கள். அங்கெல்லாம் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் தினமும். எரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு அதன் மேல் ஜெல்லைத் தடவலாம். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் கட்டாயம்.

முதல் சில வாரங்களில் லேசாக உரிவதும், வழக்கமாக வரும் இடங்களிலேயே பரு கொஞ்சம் கூடுவதும் சகஜம். ஆனால் வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, மாய்ஸ்சரைசர்கூடச் சுரீரென்கிறது என்றால் தோலின் மேலடுக்கு புண்பட்டிருக்கிறது. அதைப் பொறுத்துக்கொண்டு தொடர்வது வீரமல்ல. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்த எரிச்சலே மாதக்கணக்கில் போகாத கருமையை விட்டுச்செல்லும். வீக்கம், கொப்புளம், நீர்க்கசிவு என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மற்றபடி 12 வாரத்துக்கு முன் பலனை எடைபோடாதீர்கள்.

ஸ்கிரப், எலுமிச்சைச் சாறு, முகத்தில் வேக்ஸிங் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். வேக்ஸிங்கில் தோலும் சேர்ந்து பிய்ந்துவரும். பருக்கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு அடபலீனோடு ஒத்துப்போகும், இரண்டும் சேர்ந்த ஜெல்லே இருக்கிறது (தலையணை உறை வெளுக்கும், பரவாயில்லை). பழைய வகை ட்ரெட்டினாய்னை மட்டும் பெராக்சைடு சிதைத்துவிடும். அப்படியானால் பெராக்சைடு காலை, ட்ரெட்டினாய்ன் இரவு. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ ரெட்டினாய்டு வேண்டாம்.

கடைசியாக, டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ட்ரெட்டினாய்னுடன் ஹைட்ரோகுயினோன் (நிறம் வெளுக்கும் மருந்து), மொமெட்டசோன் (ஸ்டீராய்டு) என்றும் இருந்தால் அது பரு மருந்தே அல்ல. மங்குவுக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்கு, குறுகிய காலம் தரும் ஸ்டீராய்டு கலவை. சிவப்பழகு கிரீம் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கைமாறுவதும் இதுதான். ஸ்டீராய்டே பருவைக் கிளப்பும், தோலை மெலியவைக்கும். பல வாரம் போட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் முகம் சிவந்து பொங்கும் என்பதால், டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.