செல்வியை ஒரு தப்பு செய்யவிடுங்கள்

கேள்வி: ரேஷன் கடையில் வேலை பார்க்கும் செல்வி என்ற பெண்ணை வைத்து நாவல் எழுதுகிறேன். அவளுடைய நட்சத்திரம், படிப்பு, பிடித்த நிறம் எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் படித்தவர்கள், "இப்படியும் ஒருத்தி இருப்பாளா?" என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். செல்வி நேர்மையானவள் என்று பக்கத்துக்குப் பக்கம் நீங்களே சொல்கிறீர்கள். அவளுக்கு வேலையே வைக்கவில்லை.

நோட்டை மூடுங்கள். பிடித்த நிறத்தைத் தீபாவளிப் புடவை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தை எடுத்துப் படியுங்கள். பிள்ளை பிராட்வே பக்கம் நின்று கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும். பஸ் கண்டக்டரை ஏமாற்றினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, இல்லையா? அப்புறம் கடவுளே வந்து நின்று, பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினாலும் நம்பிவிடுகிறோம்.

சரி, செல்விக்கு வருவோம். மூட்டை எடை குறைவாக வருகிறது என்பது ரேஷன் கடை ஊழியர்களின் பழைய புலம்பல். 50 கிலோ அரிசி மூட்டையில் இரண்டு கிலோ இல்லை என்று வையுங்கள். ஆய்வுக்கு ஆள் வந்தால் செல்விதான் கைக்காசைக் கட்ட வேண்டும். கட்டினால் தம்பியின் ஃபீஸ் போச்சு. கட்டாமல் தப்ப, கார்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடையில் கைவைக்க வேண்டும். யாரிடம்? சத்தம் போடுகிற ஆளிடம் முடியாது. வரிசையில் ஒரு பாட்டி நிற்கிறாள். ரேகை விழாத விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைக்கிறாள். தராசு பக்கம் திரும்புவதே இல்லை.

செல்வி என்ன செய்தாள்? அதை எழுதுங்கள். "மனம் துடித்தது" எல்லாம் வேண்டாம், அவள் கை அரிசியை அள்ளுவதை மட்டும் காட்டினால் போதும். பாட்டிக்குக் குறைத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அதே பாட்டி வரும்போது செல்வி ஒரு பிடி கூடுதலாகப் போடுவாளா, இல்லை முகம் பார்க்காமல் எரிந்து விழுவாளா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு வேறு தோன்றலாம்.

வாசகர் வெறுத்துவிடுவார் என்று பயப்பட வேண்டாம். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது அவருக்குத் தெரியுமே.

முதலில் இந்தக் காட்சியை எழுதி அனுப்புங்கள். கலெக்டர் கையால் அவளுக்கு விருது கொடுக்கிறீர்களே, அந்த அத்தியாயம் இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும்.