முதலில் நாவலா, படமா?

கேள்வி: ஆறு வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். வயது 31. இரவில் ஒரு நாவல் எழுதி வருகிறேன், 140 பக்கம் ஆகிவிட்டது. "புத்தகமாக விட்டால் கதை வெளியே போய்விடும், திரைக்கதையாக மாற்றித் தயாரிப்பாளரிடம் சொல்" என்கிறார்கள் அறை நண்பர்கள். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், வளசரவாக்கம்

பதில்: நாவலை முடியுங்கள் தம்பி. பாதியில் இருக்கும் நாவலைக் கதை விவாதத்துக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியே "இன்டர்வல் பிளாக் என்ன?", அதாவது இடைவேளைக்கு முன் வரும் திருப்பம் என்ன என்பதுதான். நானும் ஒரு காலத்தில் அந்த வட்டத்தில் உட்கார்ந்தவன். மறுவாரம் உங்கள் கதாநாயகிக்கு ஒரு தங்கை முளைத்திருப்பாள்.

மலையாளத்தின் எம்.டி. வாசுதேவன் நாயரைப் பாருங்கள். பிறந்தது 1933. 'நாலுகெட்டு' நாவல் 1958, முதல் திரைக்கதை 'முறப்பெண்ணு' 1965, முதலில் இயக்கிய 'நிர்மால்யம்' 1973. அப்போது அவருக்கு நாற்பது. உங்களுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது! ஆனால் ஒன்று, அவருக்கு மாத்ருபூமி வார இதழில் வேலை இருந்தது. பேட்டாவை (படப்பிடிப்பு நாளுக்குக் கிடைக்கும் தினப்படியை) நம்பி அவர் நாவல் எழுதவில்லை. நீங்களும் மாதச் சம்பளத்துக்கு ஏதாவது வழி பாருங்கள்.

'நிர்மால்யம்' அவருடைய சிறுகதையிலிருந்தே வந்தது. முடிவைப் பார்த்திருப்பீர்கள். கோயில் விழாவுக்காக அலைந்த சாமியாடி, வீட்டுக்கு வந்தால் மனைவி கடன்காரனோடு இருக்கிறாள். பசிதான் காரணம். அப்புறம் அம்மன் முன்னால் ஆடுகிறார், வாளால் நெற்றியை வெட்டிக்கொள்கிறார், ரத்தத்தை அம்மன் மேலேயே துப்புகிறார். மனதில் என்ன ஓடியது என்று யாரும் விளக்குவதில்லை. நாவலில் என்றால் வீட்டு வாசலிலிருந்து கோயில் நடை வரை அவர் நடந்த தூரத்துக்கே பத்துப் பக்கம் கொடுக்கலாம். அந்தப் பத்துப் பக்கத்தைத்தான் நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். திரைக்கதை எழுதும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, துப்புவதற்குச் சமமான ஒரு செயலைத் தேட வேண்டியிருக்கும். 140 பக்கத்தையும் காட்சி எண் போட்டுப் பிரித்துவிட்டால் அது திரைக்கதை ஆகிவிடாது.

சரி, கதை வெளியே போகும் என்ற பயம். தேதியோடு அச்சான புத்தகம்தான் உங்களுக்கு நல்ல சாட்சி. வாயால் சொன்ன கதைக்கு என்ன சாட்சி இருக்கிறது? பிறகு திரைக்கதை எழுதினால், அதைத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள்.

நாவலைப் படமாக்கும் உரிமை கொடுத்தால் காலக்கெடுவைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். பீமனின் கதையாக எம்.டி. எழுதிய 'ரண்டாமூழ'த்துக்கு அவரே திரைக்கதை எழுதி 2014இல் ஒப்பந்தம் போட்டார். சொன்ன காலத்தில் படம் தொடங்கவில்லை. 2018இல் நீதிமன்றம் போனார். 2020இல் சமரசமாகி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் திரைக்கதையை மீட்டார். ஞானபீடம் வாங்கியவருக்கே இந்த அலைச்சல். ஒப்பந்தத்தில் கெடு இருந்ததால்தான் வழக்குக்கு ஒரு பிடி கிடைத்தது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி, கால அளவு எழுதாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும் என்றும் அதே சட்டம் சொல்கிறது; ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டால், ஐந்து வருடமும் உங்கள் நாவல் யாருடைய அலமாரியிலோ தூங்கும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மீதிக் கதையை அறை நண்பர்களிடம் இன்னும் சொல்லிவிடவில்லையே?