கடல் தாண்டும் காணிக்கை: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டு ஊழியங்களுக்கும் அறப்பணிகளுக்கும் சிங்கப்பூரிலிருந்து உதவுவது பற்றி வந்த கடிதங்களுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். விடை எழுதுபவன் வழக்கறிஞன் அல்லன். இங்குள்ள ஒரு தமிழ்ச் சபையில் பன்னிரண்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்து, நற்செயல் என்று எண்ணிச் செய்த சில தவறுகளுக்கும் கையொப்பமிட்டவன்.

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவள்; என் கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. நெல்லைச் சீமையில் எங்கள் பூர்வீக ஊருக்கு அருகே ஊழியம் செய்யும் போதகர் ஒருவர், மாலைநேரப் படிப்பகம் நடத்த மாதம் 500 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார். தம்முடைய கைப்பேசி எண்ணுக்கே அனுப்பிவிடலாம், ஒரு நிமிடத்தில் போய்ச் சேரும் என்கிறார். அனுப்பலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: சகோதரி, 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்னும் கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறைகள் இணைக்கப்பட்டதிலிருந்து பணம் ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்வது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் அந்தப் போதகரைப் பல ஆண்டுகள் அலைய வைக்கக்கூடும். இந்தியாவின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010, சமயம், கல்வி, சமூகம் ஆகியவை சார்ந்த பணித்திட்டம் உடைய எவரும் மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டவரிடமிருந்து பணம் பெறக்கூடாது என்கிறது. நீங்கள் அந்த ஊர் மண்ணில் பிறந்தவராகவே இருந்தாலும், உங்கள் கையில் இருப்பது சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்பதால், அச்சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர்தான்.

உங்கள் கணவரின் நிலை வேறு. இந்தியக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அவருடைய பெயரில் மட்டும் உள்ள கணக்கிலிருந்து, அவருடைய சம்பாத்தியத்திலிருந்து, போதகரின் கைப்பேசி எண்ணுக்கு அல்லாமல் சபையின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ உள்ள கணக்குக்குச் செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ளட்டும். இருவருடைய பணமும் கலந்த கூட்டுக் கணக்கைத் தவிர்ப்பது நல்லது. பின்னொரு நாள் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், அந்தப் போதகர்தான்.

பதிவு பெற்ற பெரிய அறக்கட்டளை ஒன்றிடம் கொடுத்து, அதன் வழியாக இந்தச் சிறிய ஊழியத்துக்குச் சேர்ப்பித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது: வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெற்ற அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. பணம் முதலில் புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அந்த அமைப்புக்கென்று தொடங்கப்பட்ட கணக்கில்தான் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. முன்பு அந்த வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. பதிவு பெறுவதும் சிறிய சபைகளுக்கு எளிதன்று. மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்தக் காலத்தில் தன் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஓலைக்கூரையின் கீழ் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவரிடம் அந்தக் கணக்கு எங்கே இருக்கும்? எனவே, உங்கள் பங்கையும் சேர்த்தே கொடுக்க விரும்பினால், பதிவு பெற்ற திருமண்டலமோ மறைமாவட்டமோ அறக்கட்டளையோ அந்த வட்டாரத்தில் தானே நேரடியாக நடத்தும் படிப்பகம் ஏதேனும் உண்டா என்று விசாரியுங்கள்.

இந்தக் கெடுபிடியைக் கண்டு நம்மவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. நம் சிங்கப்பூரிலும் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சமய அமைப்புகள் ஒரே தடவையில் 10,000 வெள்ளியோ அதற்கு மேலோ வெளிநாட்டு நன்கொடையாகப் பெற்றால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் வாசலில் நியாயம் என்று ஏற்பதை அவர்கள் வாசலில் அநியாயம் என்று சொல்வது எப்படி?

கேள்வி: எங்கள் சபை இளையர்கள் பதினான்கு பேர் டிசம்பர் விடுமுறையில் கம்போடியாவில் உள்ள ஓர் அநாதை இல்லத்துக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் போகிறார்கள். ஆளுக்கு 1,500 வெள்ளி செலவு. புளோக்கின் கீழ்த்தளத்தில் உணவு விற்றும், பழைய துணிகளையும் மருந்துகளையும் சேகரித்தும் உதவப் போகிறோம். வேறு என்னென்ன கொண்டுபோகலாம்? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: என்ன கொண்டுபோகலாம் என்பதற்கு முன், அங்கே போகத்தான் வேண்டுமா என்று கேட்பதற்கு என்னை மன்னிக்க வேண்டும். கம்போடிய அரசும் யுனிசெஃபும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டின் அநாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகியிருந்தன; அவற்றில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தார்கள். போரோ கொள்ளைநோயோ அந்த எண்ணிக்கையைக் கூட்டவில்லை. இல்லத்தில் விட்டால் பிள்ளை படிக்கும், சாப்பிடும் என்று ஏழைப் பெற்றோர் நம்பினார்கள். இல்லத்தில் பிள்ளைகள் இருந்தால் வெளிநாட்டவர் வருவார்கள், பணம் தருவார்கள் என்று நடத்துபவர்கள் கண்டுகொண்டார்கள். நல்ல மனத்தோடு போகிறவர்களே அந்தச் சந்தையின் வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது, நன்கொடைக்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுசேர்க்கும் இந்தக் கொடுமையும் அங்கே நேராகப் பேசப்பட்டது.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். பத்து நாள் தோளில் தூக்கிச் சுமந்து, பாட்டுப் பாடி, படம் பிடித்து, பதினோராம் நாள் விமானம் ஏறிவிடும் அண்ணன்மாரும் அக்காமாரும் மாதந்தோறும் மாறிக்கொண்டே வந்தால், ஒரு பிள்ளை யாரை நம்பிப் பழகும்? நம் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க முன்பின் அறியாதவர்கள் பதினான்கு பேர் வர நாம் இசைவோமா?

பதினான்கு பேருக்கு 21,000 வெள்ளி ஆகிறது. பெற்றோரிடமே பிள்ளை இருந்து படிக்க உதவும் உள்ளூர் அமைப்பு ஒன்றிடம், இந்தத் தொகையில் உள்ளூர்ச் சமூக ஊழியர் ஒருவருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று எழுதிக் கேளுங்கள். வரும் பதிலைச் சபைக் கூட்டத்தில் படித்துக்காட்டுங்கள். அதற்குப் பிறகும் பயணம் தேவை என்று தோன்றினால், அங்குள்ளவர்கள் கேட்கும் தொழில்திறன் உடைய இருவரோ மூவரோ போகட்டும். மெதடிஸ்ட் திருச்சபையின் மிஷன் சங்கம் 1991 முதல் இயங்குகிறது. கம்போடியாவில் அதற்கு நீண்ட அனுபவம் உண்டு. நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் அப்படிப்பட்டவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

பழைய துணி வேண்டவே வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் எடுக்காத பழந்துணிகள் குவிந்து கிடந்தன; உடைமை அனைத்தையும் இழந்த மீனவர்களுக்கும் மானம் உண்டு என்பதை மூட்டை கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள். மருந்தைப் பொறுத்தவரை, போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டுக் காலாவதித் தவணை மீந்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டு அலமாரியில் மீந்த மாத்திரைகளுக்கு அங்கே இடமில்லை.

உணவு விற்பனையிலும் ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு அது தளர்த்தப்படுவதுண்டு. கறிபப் பொரிப்பதற்கு முன்பு விண்ணப்பத்தைப் பாருங்கள்.

இப்படி நல்லெண்ணத்தோடு தவறுவதற்கு எங்கள் சபையும் விலக்கன்று. ஒருமுறை ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் பத்துக் கணினிகள் அனுப்பினோம். அனுப்பும் நாளில் ஜெபமும் நடந்தது, படமும் எடுத்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து நான் நேரில் போனபோது அவை போர்வை போர்த்தியபடியே இருந்தன. சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் தர அந்தப் பள்ளியிடம் பணம் இல்லை. அதை அவர்கள் நாங்கள் கேட்காததால் சொல்லவில்லை.

கேள்வி: வெளிநாட்டு ஊழியத்துக்குத் தரும் காணிக்கைக்கு வரிக்கழிவு உண்டா? (ஜூரோங் வாசகர்)

பதில்: இல்லை. 250 விழுக்காடு வரிக்கழிவு ஐபிசி எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி பெற்றவற்றுக்கு உரியது. அத்தகுதி சிங்கப்பூர்ச் சமூகத்துக்குப் பயன்படும் பணிகளுக்கே கிடைக்கும்.

கேள்வி: நான் இந்து. சக ஊழியர் ஒருவர் நேப்பாளத்தில் உள்ள மிஷன் மருத்துவமனைக்கு நிதி திரட்டுகிறார். நோயாளிகளுக்கு உதவ எனக்கு முழு மனம் உண்டு. மதமாற்றத்துக்கு என் பணம் போகக்கூடாது. இப்படி நிபந்தனை வைப்பது அவர் மனத்தைப் புண்படுத்துமா? (சிராங்கூன் சாலை வாசகர்)

பதில்: புண்படுத்தாது, புண்படுத்தினால் அது அவர் குறை. கொடுப்பவர் நோக்கம் குறித்துக் கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவிடுவது நேர்மையான எந்த அமைப்புக்கும் கடமை. ‘நோயாளிகளின் சிகிச்சைக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுத்து, அப்படியே குறிப்பிட்ட ரசீதைக் கேளுங்கள். நேப்பாளத்தில் இதற்கு வரலாறே உண்டு. 1954இல் தொடங்கிய நேப்பாள ஐக்கிய மிஷன், மதம் மாற்றும் வேலையில் ஈடுபடக்கூடாது என்ற அரசின் நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் தான்சேனில் மருத்துவமனை நடத்த முன்வந்தது. இன்றைய நேப்பாளச் சட்டமும் மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தலும் உண்டு. ஆகவே உங்கள் நிபந்தனை அவர்களுக்கு உதவியே தவிர இடைஞ்சல் அன்று.

கிறிஸ்தவனாக நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் மடிந்த மூன்று பெண்களுக்காகத்தான் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மறுத்த அந்த மூன்று குடும்பங்களில் இரண்டு இந்துக் குடும்பங்கள், ஒன்று முஸ்லிம் குடும்பம். 1900இல் வேலூர் திரும்பி ஒரே படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் பின்னர் சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனது. நம் குடும்பங்களில் எத்தனை பேர் மதம் பாராமல் அங்கே வரிசையில் நின்றிருக்கிறோம்! சிகிச்சையை ஊழியத்தின் தூண்டிலாகப் பார்ப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அப்படிப்பட்ட இடம் உங்கள் நிபந்தனையைக் கேட்டதும் சுற்றிவளைத்துப் பேசும், அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். மாதம் 20 வெள்ளிதான் என்னால் முடியும். திண்டுக்கல் அருகே பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை நடத்தும் மாணவியர் விடுதிக்குக் கொடுக்க ஆசை. இவ்வளவு சிறிய தொகையை அனுப்ப வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதலாமா, அதுவும் தமிழில்? (அங் மோ கியோ வாசகி)

பதில்: அம்மா, மிசோராமில் 1910இல் தொடங்கிய ஒரு வழக்கம் இன்றும் நடக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஊழியர்களை அனுப்பும். ஏழை மலைநாட்டுப் பெண்களின் அந்தப் பிடி அரிசியைக் கொண்டுதான் அந்தச் சபை பிற மாநிலங்களுக்கும் ஊழியர்களை அனுப்பியது. நம் திருநெல்வேலியிலும் 1903இல், பின்னாளில் பேராயரான வே. ச. அசரியாவும் தோழர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டாரின் பொருளை எதிர்பாராமல் உள்ளூர்க் காணிக்கையை நம்பியே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆளனுப்பினார்கள்.

20 வெள்ளியைத் தனியாக மாதந்தோறும் அனுப்பினால் வங்கிக் கட்டணமே ஒரு பங்கைத் தின்றுவிடும். உங்களைப் போன்ற நால்வர் தனித்தனியே சேமித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கு 120 வெள்ளியாக அனுப்புங்கள். விடுதியிடம் அதன் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு எண்ணையும், அது இப்போதும் நடப்பில் உள்ளதா என்பதையும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது.

கடிதத்துக்கு வருகிறேன். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அசரியா, மேல்நாட்டு ஊழியர்கள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார்; கேட்டவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள். எந்தப் பிள்ளைக்கும் தனியாக அனுப்பாமல், விடுதிக் காப்பாளர் பெயருக்கு, எல்லாருக்கும் பொதுவாக எழுதுங்கள். பணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடல், உங்கள் புளோக்கின் கீழே காலையில் நடக்கும் தை-சி, மழைக்காலத்து லிட்டில் இந்தியா, இவை போதும். தமிழில் எழுதலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பது தமிழ்வழிப் பள்ளியில்தானே?